உடையாத கமியோன்

எங்கள் சாரம் தெருவில் அவருக்கு சொல்தா என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு, யூரோவில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு புதுச்சேரியில் வந்து உட்கார்ந்த எல்லோருக்கும் ஊர் வைத்த பெயர் அது. மற்ற சொல்தாக்கள் சாயங்காலம் சீட்டாடுவார்கள், மரத்தடியில் இரும்புக் குண்டு உருட்டி விளையாடுவார்கள், பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி பதக்கம் குத்திக்கொண்டு கடற்கரைப் பக்கம் போவார்கள். எங்கள் சொல்தா இதில் எதையும் செய்யவில்லை. அவர் பொருள்களை உறுதிப்படுத்தினார்.

அவர் வீட்டில் எதுவும் உடையக்கூடாது. உடைந்தால் தன்னை யாரோ தெருவில் நிறுத்தி அறைந்தது போல எடுத்துக்கொள்வார். வாளியின் பிடி கழன்று வந்தபோது புது வாளி வாங்கவில்லை. கட்டடம் கட்டும் கம்பியை வளைத்துப் பிடியாக மாட்டினார். அதன் பிறகு அந்த வாளியைக் காலியாகத் தூக்கவே அவர் மனைவிக்கு இரண்டு கை வேண்டியிருந்தது. துணி காயப்போடும் கொடி அறுந்தபோது, வீராம்பட்டினத்தில் படகு கட்டுகிறவர்களிடம் எஃகுக் கயிறு வாங்கி வந்து, காம்பவுண்டுச் சுவரில் கொக்கி இறக்கி, வீணைத் தந்தி போல முறுக்கிக் கட்டினார். அந்த வருடப் புயலில் தெருவில் எல்லார் வீட்டுக் கொடியும் அறுந்தது. அவர் வீட்டுக் கொடி அறுபடவில்லை. சுவர் பெயர்ந்து வந்துவிட்டது. மறுநாள் காலையில் செங்கல் குவியலுக்கு நடுவே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாத்தீங்களா சார், கயிறு நிக்குது!"

நான் பணிக்காலம் முழுவதும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் தகுதிச் சான்று வழங்கும் வேலையில் இருந்தவன். எது எவ்வளவு தாங்கும், எது எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எதிர் வீட்டில் இப்படி ஒருவன் இருந்தும், அந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை யோசனை கேட்டதில்லை. முடிவைக் காட்டத்தான் கூப்பிடுவார்.

அவர் மகன் பாரீசுக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊரில் இருந்தான். அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று நினைத்தானோ, அம்மாவுக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைக்கட்டும் என்று நினைத்தானோ, ரிமோட்டில் ஓடும் லாரி ஒன்றை அனுப்பி வைத்தான். ஒரு முழம் நீளம். பெரிய பெரிய சக்கரங்கள். சொல்தா அதை லாரி என்று சொல்ல மாட்டார். பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது போல கமியோன் என்பார். பொம்மை என்று நான் ஒருமுறை சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அது ஒரு நல்ல காலம்.

அந்த வண்டி கல்லிலும் பாறையிலும் மெல்ல ஏறுவதற்காகச் செய்தது. முன்னாலும் பின்னாலும் முழு ஆக்சில். அதாவது, இடது வலது சக்கரங்களை விறைப்பான ஒரே குழாய் பிணைத்திருக்கும், நிஜ லாரியில் இருப்பது போல. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மறுபக்கத்துச் சக்கரமும் கூடவே சாயும். மெதுவாகப் போக இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. வேகமாகப் போனால் தவளை மாதிரி குதிக்கும், ஒரு பக்கமாக இழுக்கும், திருப்பத்தில் கவிழும். வேகத்துக்கென்று செய்கிற வண்டிகளில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனிக் கை இருக்கும். ஒன்று குதித்தால் மற்றதற்குத் தெரியாது.

லாஸ்பேட்டையில் விமான நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு பொட்டல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் அந்த மாதிரி தனிக்கை வண்டிகளைக் கொண்டுவந்து புழுதி பறக்க ஓட்டுவார்கள். பெற்றோர் கட்டணம் கட்டுவது எதற்கு என்பது பற்றி அவர்களுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. சொல்தா தன் கமியோனை மடியில் வைத்துக்கொண்டு, என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அங்கே போனார். அவருக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும். இரண்டு கையாலும் கமியோனைப் பிடிக்க வேண்டியிருந்ததால் ஓட்டுநராக நான்.

"டேய், மாட்டு வண்டி வந்துடுச்சிடா, வழி உடுங்க!" என்றான் சுருட்டை முடிக்காரன் ஒருவன்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த முழு ஆக்சில் வண்டி அவர்களுடைய வண்டிகளைவிட வேகமாக ஓட வேண்டும், உடையவும் கூடாது என்று ஆகிவிட்டது. தனிக்கை வைத்த வேறு வண்டி வாங்கலாமே என்று நான் கேட்டேன்.

"ரெண்டு சக்கரமும் ஒண்ணாத்தான் சார் போவணும். ஆளுக்கொரு பக்கம் போனா அது வண்டியா?" என்றார்.

இந்தத் தத்துவத்தைத்தான் வீட்டிலும் கடைப்பிடித்தார். அவர் மனைவியான அந்த அம்மா மறு சக்கரம்.

பெரிய மோட்டார் போட்டார். முதல் வாரம் பல்சக்கரம் மொட்டையானது. எஃகுப் பல்சக்கரம் வரவழைத்தார். அடுத்த வாரம் மோட்டாரிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் தண்டு, சாக்லேட் தாள் மாதிரி முறுக்கிக்கொண்டது. வீராம்பட்டினத்தில் படகு எஞ்சின் பார்க்கிறவரிடம் சொல்லித் துருப்பிடிக்காத எஃகில் தண்டு கடைந்து வாங்கி வந்தார். அதற்கடுத்த வாரம் ஆக்சிலைத் தாங்கிப் பிடிக்கும் கம்பிகள் வளைந்தன. அவற்றைத் தடிமனாக்கினார். ஆக்சில் குழாயே வளைந்தது. அதை அலுமினியத்தில் செய்வித்தார். அதிர்வுதாங்கியின் தண்டு ஒடிந்தது. அதையும் மாற்றினார்.

"பலவீனம் எங்க இருக்குதோ அங்கதான் சார் ஒடையும். அந்த எடத்த கெட்டிப்படுத்திட்டா? வொலா, முடிஞ்சிது!"

கெட்டிப்படுத்தினால் பலவீனம் பக்கத்துப் பாகத்துக்குக் குடிபோகும் என்பதை நான் அவருக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கியிருக்கிறேன். எனக்குப் பிரெஞ்சு வராதது அவருக்கு வசதியாகப் போயிற்று.

பொட்டலில் அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு ஞாயிறும் காத்திருப்பார்கள். "அங்கிள், இன்னிக்கு எந்தப் பார்ட்டு லீவு?" என்று சுருட்டை முடிக்காரன் கேட்பான். இவர் பதில் சொல்லாமல் வண்டியைப் புழுதியில் இறக்குவார். சற்று நேரத்தில் பதில் தானாகவே வந்துவிடும்.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மனிதர் கற்றுக்கொண்டார். எடை மேலே இருந்தால் கவிழும் என்று கண்டுபிடித்து பேட்டரியைக் கீழே இறக்கினார். ஸ்டியரிங்கைத் திருப்பும் மோட்டாரை ஆக்சிலின் மேலேயே பொருத்தி, குதிக்கும்போது சக்கரம் தானாகத் திரும்புவதை நிறுத்தினார். ஸ்பிரிங்கை மெலிதாக்கி, அதிர்வுதாங்கியில் கெட்டியான எண்ணெய் விட்டார். சக்கரத்தின் இடைவெளியைக் கூட்டினார். எல்லாம் சரியான வேலை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் பிடிவாதம். மோட்டார்ப் பல்சக்கரத்தின் பக்கத்தில் குட்டி ஸ்பிரிங்கும் ஒரு நட்டும் உண்டு. வண்டி உயரத்திலிருந்து விழும்போது வரும் அதிர்ச்சியில் பல்சக்கரம் சற்றே வழுக்கிக்கொடுக்கட்டும் என்று கம்பெனிக்காரன் வைத்தது. சொல்தா அந்த நட்டை முட்டும்வரை இறுக்கி வைத்திருந்தார்.

"வழுக்கிக் குடுக்குறதுக்குன்னு ஒரு பார்ட்டா? பட்டாளத்துல இதுக்குப் பேரு வேற சார்" என்றார்.

இத்தனையும் நடந்தது அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மேல். கணவனும் மனைவியும் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டு வந்தார்கள். மருமகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறக்க இருந்தது. மகன் இருவரையும் அங்கேயே வந்து இருந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அந்த அம்மாவுக்குப் போக ஆசை. ஆசை என்பதைவிட, அவர் மனதளவில் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். சொல்தாதான் அசையவில்லை. அங்கே குளிர் என்பார், அடுக்குமாடியில் சுத்தியல் தட்டக்கூடாது என்பார். உண்மைக் காரணம், இங்கே அவர் சொல்தா, அங்கே மகன் வீட்டில் இருக்கும் ஒரு கிழவர்.

ஒருநாள் மாலை நான் அங்கே இருந்தபோது அந்த அம்மா இட்லித் தட்டோடு வந்து, வைக்க இடமில்லாமல் நின்றார்.

"இந்த வாரம் எது ஒடையும்ங்க?"

"ஒண்ணும் ஒடையாது. எல்லாம் மாத்தியாச்சி."

"ஒடஞ்சா?"

"ஒடையாதுன்றேன்ல?"

"ஒடஞ்சா என்னங்க பண்ணுவீங்க? அத சொல்லுங்க."

சொல்தா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "ஒடஞ்சா இத மூட்ட கட்டிட்டு உன் கூட பாரீசுக்கு வரேன். போதுமா?"

அந்த அம்மா உடனே என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க சாட்சி."

சாட்சி என்றால் எதற்குச் சாட்சி என்ற வரையறை வேண்டும். வரையறை இல்லாத சாட்சியம் வம்பளப்பு. இதை நான் சொன்னதும் இருவரும் ஒரே மாதிரி முகத்தைச் சுளித்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் ஒன்றாகச் செய்த ஒரே காரியம் அது என்று நினைக்கிறேன். நான் விடவில்லை. பேட்டரி தீரும்வரை ஓட்டம். பொட்டலின் நடுவே இருக்கும் மண்மேட்டின் மேலாகத்தான் ஒவ்வொரு சுற்றும். மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக் கூடு உடைந்தால் கணக்கில் வராது.

"அதெப்படி அண்ணே? ஒடஞ்சா ஒடஞ்சதுதான?" என்றார் அந்த அம்மா.

"கூடு அலங்காரம். கூடு இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். ஏதாவது பாகம் போய், தன் சக்தியில் நகர முடியாமல் நின்றால், அது உடைவு."

"அலோர், சரியாச் சொன்னாரு சார்" என்றார் சொல்தா, பிரெஞ்சும் தமிழுமாக. "ஒடையலன்னா நான் இங்கதான். அதையும் சேத்துக்கங்க."

"நீங்க இங்கதான்" என்றார் அந்த அம்மா, தட்டை என் மடியில் வைத்துவிட்டு.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவும் ஆட்டோ பிடித்துப் பொட்டலுக்கு வந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்தார். பிள்ளைகள் தங்கள் வண்டிகளையும் கூடவே ஓட்டினார்கள். சொல்தா கால்களை அகட்டி, ரிமோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எல்லையில் காவல் நிற்பவர் போல நின்றார். கமியோன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து, மண்மேட்டில் ஏறி, காற்றில் பறந்தது. அந்த அம்மா எழுந்து நின்றார். வண்டி நான்கு சக்கரத்திலும் இறங்கி, உய்ங் என்று ஒரு சிணுங்கல் போட்டுவிட்டு ஓடியது. அந்த அம்மா உட்கார்ந்தார். மறு சுற்றிலும் எழுந்தார், உட்கார்ந்தார். ஒரு பெண்பிள்ளை தன் கணவனின் தோல்விக்காக இவ்வளவு ஊக்கத்தோடு உட்கார்ந்து எழுந்ததை நான் பார்த்ததில்லை.

சுருட்டை முடிக்காரனின் வண்டி ஒரு கை ஒடிந்து ஓரமாகப் படுத்தது. கமியோன் அதைத் தாண்டிப் போனது.

"அங்கிள், இன்னிக்கு மொத்த ஆபீசும் டூட்டிக்கு வந்துடுச்சி போல!" என்று கத்தினான் அவன். அவன் குரலில் கேலி இல்லாதது எனக்கே ஏமாற்றமாக இருந்தது.

பேட்டரி தீர்ந்து வண்டி மெல்ல நின்றது. ஒரு பாகமும் உடையவில்லை. சொல்தா அதைத் தலைக்கு மேல் தூக்கி மனைவிக்குக் காட்டினார். அந்த அம்மா முந்தானையால் முகத்துப் புழுதியைத் துடைத்துக்கொண்டு, "சரி" என்றார்.

பதினைந்து நாளில் அந்த அம்மா தனியாகப் பாரீசுக்குப் புறப்பட்டார். உடைந்தால் சொல்தா போக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. உடையாவிட்டால் அந்த அம்மா இருக்க வேண்டும் என்று யாரும் பேசவில்லையே. சட்டப்படி அதில் ஒரு குறையும் கிடையாது. புறப்படும் முன் மாற்றுச் சாவியைக் கொடுக்க என் வீட்டுக்கு வந்தார்.

"வேளைக்கு மாத்திர போடறாரான்னு பாத்துக்கங்கண்ணே." சாவியைக் கொடுத்த பிறகும் போகவில்லை. "ஒண்ணு கேக்கணும். அந்த நட்டு இருக்குல்ல, எப்பப் பாத்தாலும் இறுக்கிக்கிட்டே இருப்பாரே?"

"ஆமாம்."

"அது இறுக்கமா இருந்தாத்தான் வண்டி தாங்கும்னு சொல்லிட்டே இருப்பாரு. பந்தயத்துக்கு முந்தின சனிக்கிழம அவரு குளிக்கப் போன நேரத்துல நான் அத லூசு பண்ணிட்டேன். அரைச் சுத்து. ஒடையட்டும்னுதான் பண்ணேன். அப்பவும் ஏன்ணே ஒடையல?"

எனக்குப் பொட்டலில் கேட்ட சிணுங்கல் புரிந்தது. விழும்போதெல்லாம் பல்சக்கரம் வழுக்கிக்கொடுத்த சத்தம் அது. நட்டு பழையபடி இறுகியிருந்தால் முதல் குதியிலேயே ஏதாவது ஒன்று போயிருக்கும். நான் விளக்கினேன். விளக்குவது எனக்குப் பழக்கம். எப்போது நிறுத்த வேண்டும் என்பதுதான் பழக்கமில்லை.

"அப்ப அத ஓட வச்சதே நான்தானா?" அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு முடியுமுன்பே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவருகிட்ட சொல்லிடாதீங்க. இரும்புதான் ஜெயிச்சிதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கட்டும்."

சொல்தாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். முதல் மாதம் தெருவில் காய்கறி வண்டிக்காரர்வரை எல்லோருக்கும் எஃகின் பெருமை தெரிந்தது. அதன் பிறகு ஒரு சிக்கல். வண்டி உடையவே இல்லை. வாரம் முழுக்க அவருக்கு இருந்த வேலை, ஞாயிற்றுக்கிழமை உடைந்ததைச் சரிசெய்வதுதான். இப்போது மேசை காலியாக இருந்தது. அதன் மேல் தட்டை வைத்துத் தனியாகச் சாப்பிட்டார். காலையில் என் கேட்டில் வந்து நிற்பார்.

"இந்த வாரமும் ஒடையல சார்" என்பார், மூன்று நாளாக வயிறு இளகவில்லை என்று வைத்தியரிடம் சொல்கிறவர் போல.

அந்த அம்மா வீடியோவில் கூப்பிடும்போது நான் சில தடவை பக்கத்தில் இருந்திருக்கிறேன். "சாப்ட்டீங்களா?" என்று கேட்பார். இவர், "வண்டி நல்லா ஓடுது" என்பார். பேரப்பிள்ளையைத் தூக்கிக் காட்டுவார்கள். இவர் திரையை ஒட்டி முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பார். அங்கே பிள்ளைக்கு ஒரு மூக்குத்துவாரம்தான் தெரிந்திருக்கும்.

"டிக்கெட் எடுத்துப் போய்வர வேண்டியதுதானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எப்படி சார் போவேன்? ஒடையலியே. நீங்கதான சாட்சி?"

அலுவலகத்தில் இந்த வகையை நிறையப் பார்த்திருக்கிறேன். செய்ய ஆசையாக இருக்கும் காரியத்துக்கும் மேலிடத்து உத்தரவு வேண்டும் இவர்களுக்கு. உத்தரவு வராவிட்டால் நாற்காலியிலேயே ஓய்வு பெற்றுவிடுவார்கள். இவருக்கு மேலிடம் ஒரு பொம்மை லாரி.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பொட்டலுக்குப் போக அவர் என்னைக் கூப்பிடவில்லை. தலைக்கு மேலே எங்கிருந்தோ குரல் மட்டும் கேட்டது.

"சார்! வெளிய வந்து நில்லுங்க. சாட்சி வேணும்."

அவருடைய இரண்டு மாடி வீட்டின் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எனக்கு விஷயம் புரிவதற்குள் மேலே மோட்டார் அலறியது. கமியோன் மொட்டைமாடியின் முழு நீளமும் ஓடி வந்து, பலகையில் ஏறி, தெருவுக்கு மேலே பறந்தது. ஒரு கணம் அழகாகத்தான் இருந்தது. பிறகு என் வாசலுக்கு முன்னால் வாய்க்கால் மூடியின் மேல் வந்து மோதி, கூடு சுக்குநூறாகச் சிதற, தலைகீழாகக் கிடந்தது.

சொல்தா ஒரு கையில் ரிமோட், மறு கையில் போனோடு மூச்சிரைக்க இறங்கி வந்தார். போனில் அந்த அம்மா.

"என்னங்க அது சத்தம்? என்ன ஆச்சி?"

"ஒடஞ்சிடுச்சின்னு நெனைக்கிறேன்" என்றார் சொல்தா. என்னைப் பார்த்தார். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் அப்படிப் பார்க்கக்கூடாது.

நான் குனிந்து வண்டியை நிமிர்த்தி வைத்தேன். அவர் விரல், பழக்கத்தில், ரிமோட்டை அழுத்தியது. வண்டி புறப்பட்டது. தெருக்கோடிவரை கோடு போட்டது போல் நேராகப் போய், திரும்பி, எங்கள் காலடியில் வந்து நின்றது. சொல்தா உட்கார்ந்து ஆக்சிலின் மேல் விரலை ஓட்டினார். அவர் முகம் மலர்ந்தது.

"நேரா இருக்கு சார். ரெண்டு மாடி! மயிரிழை வளையல!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. வாய்க்கால் மூடியில் மட்டும் குறுக்காக ஒரு விரிசல்.

"அண்ணே, ஒடஞ்சிதா இல்லியா?" என்று போன் கேட்டது.

"கூடு மட்டும்" என்றேன். "கணக்கில் வராது."



"எங்கேர்ந்துங்க விழுந்துது?"

"மாடியிலேர்ந்து."

"அது எப்படி மாடியிலேர்ந்து விழும்?"

சொல்தா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான்தான் உட்டேன்."

"கை தவறியா?"

"வேணும்னுதான்."

அந்தப் பக்கம் பேரப்பிள்ளை எதற்கோ அழுதது. அந்த அம்மா அதைச் சமாதானப்படுத்தவில்லை. பிறகு, வழக்கமாக ரேஷன் சாமான் சொல்கிற குரலில் சொன்னார்:

"பீரோவுல அடித்தட்டுல ஸ்வெட்டர் இருக்கு. நீலக் கலரு. இங்க குளிரு ஜாஸ்தி, மறக்காம எடுத்துக்கிட்டு வாங்க."

போன் அணைந்தது. சொல்தா அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். நிலைமையைத் தெளிவுபடுத்துவது என் கடமை என்று பட்டது. வண்டி உடையவில்லை, உடைந்திருந்தாலும் வேண்டுமென்றே உடைப்பது உடைவு ஆகாது, பந்தயமும் பொட்டலில் அன்றோடு முடிந்துவிட்டது, ஆகவே எந்த வகையில் பார்த்தாலும் அவர் பாரீசுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன்.

"செத்த சும்மா இரு சார்" என்று சொல்லிவிட்டு, வண்டியைத் தெருவிலேயே விட்டுவிட்டு, பீரோவைத் திறக்க உள்ளே போனார்.